பழைய டிவிஐ கோப்புகளை அச்சிட இலவச டிரைவர்: எங்கே தேடுவது, எதைப் பகிரலாம்

கேள்வி இது: கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் 1990களில் டெக் மென்பொருளில் அச்சுக்கோத்த விரிவுரைக் குறிப்புகள் டிவிஐ கோப்புகளாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன, மூல டெக் கோப்புகள் கிடைக்கவில்லை. துறையில் இருப்பது எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர். இக்கோப்புகளை அச்சிட இலவச டிரைவர் எங்கே கிடைக்கும்? கிடைத்ததைப் பென்டிரைவில் எடுத்துப் பிற கல்லூரிகளுக்கும் கொடுக்கலாமா?

நீங்கள் தேட வேண்டியது ஒரு டிரைவர் அல்ல, இரண்டு. டிவிஐ கோப்பைப் படித்து, பக்கத்தை போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழிக்கோ பிடிஎஃபுக்கோ மாற்றித் தருவது முதலாவது. அந்தப் பக்கத்தை உங்கள் பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி அனுப்புவது இரண்டாவது. முதலாவதற்குத் தேவையான அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தாராளமாகப் பகிரவும் செய்யலாம். இரண்டாவதிலும் பெரும்பகுதி அப்படித்தான், ஆனால் உங்களிடம் உள்ள 1020 மாதிரிக்கு ஒரு சிறு துண்டு விதிவிலக்காக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே எழுத்துரு என்று ஒன்று உண்டு. பழைய டிவிஐ கோப்பு அச்சாகாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் டிரைவர் காரணமாக இருப்பதில்லை. எழுத்துருதான் காரணமாக இருக்கும். ஆகவே டிரைவரை மட்டும் தேடிப் பகிர்ந்தால் வாங்கிக்கொண்டவர்களுக்குப் பாதி உதவிதான் சேரும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் க்னூத் 1970களின் இறுதியில் டெக்கை உருவாக்கியபோது, அச்சிடும் கருவிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளைப் பேசிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி டெக் எழுதுவது நடவாத காரியம். எனவே எந்தக் கருவியையும் சாராத ஓர் இடைநிலைக் கோப்பு வடிவத்தை டேவிட் ஃபுக்ஸ் 1979இல் வகுத்தார், அதுவே டிவிஐ. பக்கத்தின் எந்த இடத்தில் எந்த எழுத்துருவின் எத்தனையாவது எழுத்து வரும், எங்கே கோடு வரும் என்பது மட்டுமே அதில் இருக்கும். எழுத்தின் வடிவம் இருக்காது. டெக்கின் வேலை அத்தோடு முடிந்தது. அந்தக் கோப்பைப் படித்துக் குறிப்பிட்ட கருவியில் அச்சிடும் நிரலை யார் வேண்டுமானாலும் தனியே எழுதிக்கொள்ளலாம் என்று ஆனது. டெக் உலகில் டிரைவர் என்றால் இந்த நிரலைத்தான் சொல்வார்கள். விண்டோஸில் நாம் டிரைவர் என்று சொல்வது வேறு. பலர் தேடும்போது குழம்புவது இந்த இடத்தில்தான்.

டிவிஐயின் உள்ளமைப்பைச் சற்று அறிந்துகொள்வது உங்கள் வேலைக்கு நேரடியாகப் பயன்படும். நல்ல நிலையில் உள்ள டிவிஐ கோப்பின் முதல் பைட்டின் மதிப்பு 247, இரண்டாவது 2. கோப்பின் கடைசியில் 223 என்ற மதிப்புள்ள பைட்டுகள் குறைந்தது 4 இருக்கும். மொத்த நீளம் 4ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதற்காக அவை 7 வரையிலும் போகலாம். டிரைவர் கோப்பை முன்னிருந்து படிப்பதோடு பின்னிருந்தும் படிக்கும்: கடைசிப் பக்கம் தொடங்கும் இடம் கோப்பின் முடிவுப் பகுதியில் குறிக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்தைய பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பைச் சுமந்திருக்கும். 1990களில் கோப்புகளை எஃப்டிபி வழியாக மாற்றும்போது உரைக் கோப்பு என்ற அமைப்பில் தவறுதலாக அனுப்பிவிட்டால், வரி முடிவாகத் தோற்றமளிக்கும் பைட்டுகளின் பக்கத்தில் புதிய பைட்டுகள் நுழைந்து இந்தக் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். அப்படிக் கெட்ட கோப்பை எந்த டிரைவராலும் அச்சிட முடியாது. ஆகவே டிரைவரைத் தேடுவதற்கு முன் எந்தப் பதினாறடிமான எடிட்டரிலாவது (ஹெக்ஸ் எடிட்டர்) கோப்பைத் திறந்து, தலையிலும் வாலிலும் இந்த எண்கள் சரியாக உள்ளனவா என்று பார்த்துவிடுங்கள். 16 அடிமானத்தில் 247 என்பது எஃப்7 என்றும், 223 என்பது டிஎஃப் என்றும் தெரியும்.

கோப்பு நலமாக இருந்தால் அடுத்துச் செய்ய வேண்டியது டிவிஐடைப் என்ற சிறு நிரலை அதன்மேல் ஓட்டுவது. டிவிஐ வாசிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக ஸ்டான்ஃபோர்டில் எழுதப்பட்ட இந்த நிரல் இன்றும், டெக் நிரல்களும் எழுத்துருக்களும் அடங்கிய டெக் லைவ் தொகுப்போடு வருகிறது. கோப்பில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் மனிதர் படிக்கும் வரிகளாக இது எழுதித் தரும். அவற்றில் முதலில் கவனிக்க வேண்டியவை எழுத்துரு வரிகள். சிஎம்ஆர்10 என்ற எழுத்துருவைப் பற்றிய வரியில், அது 655360 அலகு அளவில் ஏற்றப்பட்டதாகக் குறித்திருக்கும். அச்சுத்துறையின் நீள அளவான புள்ளி ஒன்று டெக்கில் 65536 அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் 655360 என்பது சரியாக 10 புள்ளி எழுத்தாகும். ஓர் அங்குலத்துக்கு 72.27 புள்ளிகள். கணக்கிட்டுப் பார்த்தால் ஓர் அலகு ஏறத்தாழ 5.4 நானோமீட்டர்தான், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியது. இந்த நுண்மையால்தான், 30 ஆண்டுகளுக்கு முன் 300 அடர்த்திப் பிரிண்டருக்காக (அங்குலத்துக்கு 300 பொட்டுகள் வைக்கும் கருவி) உருவாக்கிய டிவிஐ கோப்பு இன்றைய 1200 அடர்த்திக் கருவியிலும் வரி பிசகாமல், இடைவெளி மாறாமல் வருகிறது. டிவிஐடைப் தரும் எழுத்துருப் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் டிரைவர் குறைகூறும்போது எதைத் தேட வேண்டும் என்பதை அந்தத் தாள்தான் காட்டும்.

இனி டிரைவர்கள். 1980களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் நெல்சன் பீப் சி மொழியில் ஒரு டிரைவர் குடும்பத்தையே எழுதி, மூலநிரலோடு இலவசமாக வழங்கினார். ஆப்பிள் லேசர்ரைட்டருக்கு ஒன்று, எச்பி லேசர்ஜெட்டுக்கு ஒன்று, எப்சன் டாட் மேட்ரிக்ஸுக்கு ஒன்று, ஓக்கிடேட்டாவுக்கு ஒன்று என்று அவை பொதுவான ஒரே அடித்தளத்தின்மேல் கட்டப்பட்டிருந்தன. புதிய பிரிண்டர் வாங்கியவர் அந்தக் கருவிக்குரிய பகுதியை மட்டும் எழுதிச் சேர்த்தால் போதும். டாஸ் கணினிகளில் எபர்ஹார்ட் மாட்டெஸ் உருவாக்கிய எம்டெக் பரவலாக இருந்தது. திரையில் காட்ட, டாட் மேட்ரிக்ஸில் அச்சிட, லேசர்ஜெட்டில் அச்சிட என அதில் தனித்தனி டிரைவர்கள் உண்டு. யூனிக்ஸ் பக்கம் தாமஸ் ராக்கிக்கி எழுதிய டிவிஐபிஎஸ் நிலைத்துவிட்டது. அடோபி 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்டை வெளியிட்டு, அடுத்த ஆண்டே ஆப்பிள் லேசர்ரைட்டர் சந்தைக்கு வந்தபின், பக்கத்தை போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றிவிட்டால் போதும், மிச்சத்தைப் பிரிண்டரே பார்த்துக்கொள்ளும் என்ற நிலை உருவானது. டிவிஐபிஎஸ் வென்றதற்குக் காரணம் அது. உங்களிடம் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்புகளும் இருந்தால் அவற்றின் தலைவரிகளைப் பாருங்கள்: ரேடிக்கல் ஐ சாஃப்ட்வேர் என்ற பெயர் இருந்தால் அது ராக்கிக்கியின் டிரைவர் உண்டாக்கிய கோப்பு.

இவை அனைத்தும் பல்வேறு பல்கலைக்கழகச் சர்வர்களில் சிதறிக் கிடந்தன. ஒரே டிரைவரின் நான்கு பதிப்புகள் நான்கு இடங்களில் இருக்கும்; எது புதியது என்று தெரியாது. இதைச் சீர்செய்யவே சீடான் என்று அழைக்கப்படும் டெக் களஞ்சிய வலையமைப்பு 1993இல் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த டெக் பயனர் மாநாட்டில் அறிவிக்கப்பட்டது. ஜார்ஜ் கிரீன்வேட், ரைனர் ஷோப்ஃப், செபாஸ்டியன் ராட்ஸ் முதலியோர் அதற்கு உழைத்தவர்கள். டெக்சாஸ், இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய மூன்று இடங்களிலிருந்த களஞ்சியங்கள் ஒரே அடைவு அமைப்பைக் கடைப்பிடித்து ஒன்றையொன்று பிரதியெடுத்துக்கொண்டன. இன்று உலகெங்கும் அதற்குப் பிரதித் தளங்கள் உள்ளன. அங்கே டிவிஐவேர் என்ற பெயரில் ஓர் அடைவு இருக்கிறது. டிவிஐ கோப்பைப் படிக்கும் டிரைவர்கள், பழையனவும் புதியனவுமாக, அதற்குள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய பக்கத்தில் ஆசிரியர், பதிப்பு, உரிமம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை இந்த அடைவே.

ஆனால் அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நிறுவ வேண்டாம் என்பதே என் கருத்து. டெக் லைவ் தொகுப்பை முழுமையாக நிறுவுங்கள். 1996 முதல் வெளிவரும் இத்தொகுப்பில் டிவிஐபிஎஸ், டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ், டிவிஐஎல்ஜே, டிவிஐஎஸ்விஜிஎம் ஆகிய டிரைவர்கள் எல்லாம் எழுத்துருக்களோடு சேர்ந்தே வருகின்றன. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். டிரைவரைத் தனியே எடுத்தால் அது எழுத்துருக்களை எந்த அடைவில் தேட வேண்டும் என்ற அமைப்பையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும், அது வீண் உழைப்பு. இவற்றுள் டிவிஐஎல்ஜே உங்களுக்கு உதவாது. அது லேசர்ஜெட்டுக்கானது என்று விளக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அது தருவது எச்பியின் பிசிஎல் மொழி. லேசர்ஜெட் என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும் 1020 மாதிரிக்கு பிசிஎல் தெரியாது. உங்கள் கோப்புகளில் படங்கள் இல்லையென்றால் டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் கொண்டு நேரே பிடிஎஃப் ஆக்குவது எளிய வழி. போஸ்ட்ஸ்கிரிப்ட் படங்கள் உள்ளவற்றுக்கு டிவிஐபிஎஸ் வழியே போய், பின் போஸ்ட்ஸ்கிரிப்டைப் படிக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரலால் பிடிஎஃப் ஆக்குவதே நம்பகமானது.

படங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிவிஐ வடிவத்தில் படத்துக்கு இடமில்லை. டிரைவருக்கென்று ஒரு குறிப்பை அப்படியே எழுதிவைக்கும் ஸ்பெஷல் என்ற கட்டளை மட்டுமே உண்டு. அந்தக் குறிப்பின் மொழியை ஒவ்வொரு டிரைவரும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. பேராசிரியர் டாஸ் கணினியில் எம்டெக் பயன்படுத்தியிருந்தால், குறிப்புகள் எம் என்ற முன்னொட்டோடு தொடங்கும். டிவிஐடைப் வெளியீட்டில் அதைக் காணலாம். அவற்றில் ஒரு பகுதியை டிவிஐபிஎஸ் புரிந்துகொள்ளும். ஆயினும் படக் கோப்பு தனியே இருந்தால்தான் படம் வரும். டிவிஐ கோப்பில் படத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆகவே பழைய நெகிழ்வட்டுகளில் பிசிஎக்ஸ், பிஎம்பி, இபிஎஸ் என்று முடியும் கோப்புகள் எவை இருந்தாலும் தூக்கி எறியாமல் சேர்த்தே காப்பாற்றுங்கள்.

இப்போது எழுத்துரு. டெக்கின் இயல்பான கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக்கள் மெட்டாஃபான்ட் என்ற நிரலில் வரையப்பட்டவை. அச்சிடுவதற்கு முன் குறிப்பிட்ட பிரிண்டரின் அடர்த்திக்கேற்ப அவற்றைப் புள்ளிப்படங்களாக மாற்றிப் பிகே என்ற சுருக்கிய வடிவில் வைத்திருப்பார்கள். அடர்த்தி மட்டும் போதாது என்பது இதில் நுட்பமான விஷயம். 300 அடர்த்தியுள்ள கேனன் சிஎக்ஸ் இயந்திரம் கறுப்பு விழ வேண்டிய இடத்தை லேசரால் எழுதும். ரிக்கோ இயந்திரங்கள் சில வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தை எழுதும். ஒரே புள்ளிப்படத்தை இரண்டிலும் அச்சிட்டால் ஒன்றில் எழுத்துத் தடிக்கும், மற்றொன்றில் மெலிந்து மெல்லிய கோடுகள் அறுந்து வரும். இதனால் ஒவ்வொரு பிரிண்டருக்கும் கறுமை, நிரப்பல், வளைவுத் திருத்தம் என்ற அளவுகளைத் தனித்தனியே குறித்துவைக்க வேண்டியிருந்தது. உலகெங்குமிருந்து பயனர்கள் சோதித்து அனுப்பிய இந்த அளவுகளைக் கார்ல் பெரி ஒரே கோப்பில் தொகுத்தார். அது இன்றும் டெக் லைவில் இருக்கிறது. டிரைவர் பகிர்வு என்பது அக்காலத்தில் நிரலைப் பகிர்வதோடு நிற்கவில்லை. தன் மேசையில் இருக்கும் கருவியில் எழுத்து எப்படி விழுகிறது என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்துச் சரிசெய்த எண்களையும் பிறருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கோப்பைத் திறந்து, பயனர்கள் எழுதிச் சேர்த்த குறிப்புகளைப் படிக்கும்போது எனக்கு அவர்கள்மேல் பெரும் மதிப்பு உண்டாகிறது.

இன்று பெரும்பாலும் இந்தச் சிக்கல் உங்களைத் தொடாது. கம்ப்யூட்டர் மாடர்னின் டைப் 1 வடிவங்கள் வணிக நிறுவனங்களின் உடைமையாக விற்கப்பட்டுவந்தன. 1997இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் வழியாக அவை அனைவருக்கும் இலவசமாயின. பின்னர் 2009இல் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தின்கீழ் வந்தன. டைப் 1 என்பது கோட்டுருவ வடிவம் என்பதால் எந்த அடர்த்தியிலும் நன்றாகவே வரும். உங்கள் பட்டியலில் உள்ளவை சிஎம் என்று தொடங்கும் பெயர்கள் மட்டுமென்றால், டெக் லைவை நிறுவிய உடனேயே அச்சு சரியாக வந்துவிடும்.

தமிழ் எழுத்துரு கலந்த குறிப்புகளாக இருந்தால் நிலைமை வேறு. யூனிகோடு பரவுவதற்கு முன் டெக்கில் தமிழ் அச்சுக்கோக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபான்டில் வரைந்த எழுத்துருவைப் பலர் பயன்படுத்தினார்கள். தமிழை ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து, ஒரு முன்செயலியின் வழியே செலுத்தி, அதன் விளைவை டெக்குக்குக் கொடுப்பது அன்றைய வழக்கம். அந்த டிவிஐ கோப்பில் தமிழ் எழுத்து என்று எதுவும் இல்லை. இந்த எழுத்துருவின் இத்தனையாவது இடம் என்ற எண் மட்டுமே உண்டு. எழுத்துரு கிடைக்கவில்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே கிடையாது. வேறு தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் வைத்தால் எழுத்து மாறிப்போகும். டிவிஐபிஎஸ் ஒரு எழுத்துருவைக் காணாதபோது, தான் அதை உருவாக்க முயன்று தோற்ற கட்டளையை மிஸ்ஃபான்ட்.லாக் என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதிவைக்கும். வரியின் கடைசிச் சொல் எழுத்துருவின் பெயர். அந்தப் பெயரைக் கொண்டு சீடானில் தேடுங்கள். மெட்டாஃபான்ட் மூலக்கோப்பு கிடைத்துவிட்டால் போதும், அதை டிவிஐ கோப்பு உள்ள அடைவிலேயே வைத்து மீண்டும் ஓட்டினால், புள்ளிப்படத்தை டிரைவரே 600 அடர்த்தியில் உருவாக்கிக்கொள்ளும். கிடைத்த எழுத்துரு பேராசிரியர் பயன்படுத்திய பதிப்புதானா என்பதையும் அறிய வழியிருக்கிறது: டிவிஐ கோப்பில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு, அது எழுத்துருவின் எண்ணோடு பொருந்தாவிட்டால் டிரைவர் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யாமல், அச்சான பக்கத்தை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.

இரண்டாவது டிரைவருக்கு வருவோம். எச்பி லேசர்ஜெட் 1020, கேனன் எல்பிபி 2900 போன்ற மலிவு லேசர் பிரிண்டர்கள் நம் ஊர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் ஏராளம். பக்கத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இவற்றின் உள்ளே கிடையாது. கணினியே பக்கம் முழுவதையும் புள்ளிகளாக்கி, சுருக்கி, அனுப்ப வேண்டும். 1020 எதிர்பார்க்கும் வடிவம் இசட்ஜேஸ்ட்ரீம் எனப்படுவது. லினக்ஸில் இதற்கு ரிக் ரிச்சர்ட்சன் எழுதிய ஃபூ2இசட்ஜேஎஸ் என்ற கட்டற்ற டிரைவர் இருக்கிறது. டெபியன், உபுண்டு களஞ்சியங்களில் தொகுப்பாகவே கிடைக்கும். இது கோஸ்ட்ஸ்கிரிப்டைக் கொண்டு பக்கத்தைப் புள்ளிகளாக்கி, ஜேபிக் முறையில் சுருக்கிப் பிரிண்டருக்கு அனுப்புகிறது. எச்பி நிறுவனமே லினக்ஸுக்கு வழங்கும் எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பு மற்றொரு வழி.

முன்னர் நான் சொன்ன விதிவிலக்கு இந்த இடத்தில் வருகிறது. 1020 தன் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டரின் உள்ளே ஓடும் நிரலை, நிரந்தரமாகச் சேமித்து வைத்திருப்பதில்லை. சுவிட்சைப் போட்ட ஒவ்வொரு முறையும் கணினி அதை யுஎஸ்பி வழியே ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் அச்சு வேலை வரிசையில் போய் நிற்கும், காகிதம் அசையாது. ஃபூ2இசட்ஜேஎஸ் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம் உடையது, ஆனால் அந்த ஃபர்ம்வேர் எச்பியின் தனியுடைமை. எச்பிலிப்பின் பெரும்பகுதியும் கட்டற்ற நிரல்தான்; 1020க்குத் தேவையான பிளகின் மட்டும் தனி உரிம ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டபின் இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே பென்டிரைவில் டிரைவரைப் போடுங்கள், ஃபர்ம்வேரைப் போடாதீர்கள். அதை எப்படி இறக்கிக்கொள்வது என்ற குறிப்பை மட்டும் எழுதி வையுங்கள். கேனன் 2900இன் நிலை இன்னும் கடினம்: அதன் கேப்ட் மொழிக்குக் கேனன் தரும் லினக்ஸ் டிரைவர் தனியுடைமை. அப்படிப்பட்ட பிரிண்டர் வைத்துள்ள கல்லூரிக்குப் பிடிஎஃபைக் கொடுத்துவிடுவதே உதவி. அவர்கள் விண்டோஸ் கணினியிலிருந்து அச்சிட்டுக்கொள்வார்கள்.

புதிய பிரிண்டர் வாங்கும் எண்ணம் துறையில் இருந்தால், ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவு உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இவற்றுக்குத் தனி டிரைவரே தேவையில்லை. பிரிண்டர் தன் திறன்களைத் தானே அறிவிக்கும், கணினி ஒரு பொது வடிவில் பக்கத்தை அனுப்பும். மைக்கேல் ஸ்வீட் தொடங்கிய கப்ஸ் அச்சு அமைப்பும் இந்தத் திசையில்தான் போகிறது. மைக்ரோசாஃப்டும் நிறுவனங்களின் தனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023இல் அறிவித்துவிட்டது. மாதிரிக்கொரு டிரைவர் தேடி அலையும் காலம் முடிவதை நான் வரவேற்கிறேன்.

அதுவரை, விண்டோஸுக்கு டிரைவர் தேடுவோர் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். பிரிண்டர் மாதிரியின் பெயரோடு டிரைவர் என்று தேடினால் முதலில் வருவன பல நேரங்களில் விளம்பரங்களும், எல்லா டிரைவரையும் தாமே புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் நிரல்களும்தான். அவற்றைத் தொடாதீர்கள். டிரைவர் கணினியின் உயர்ந்த உரிமைகளோடு நிறுவப்படும் மென்பொருள்; விண்டோஸ் அச்சு அமைப்பில் 2021இல் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை, அச்சு டிரைவர் நிறுவும் வழியை வைத்தே கணினியைக் கைப்பற்ற இடம் தந்தது. தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். நீங்கள் பகிரும்போதும், டெக் லைவின் வட்டுப் பிம்பத்தோடு வெளியாகும் எஸ்எச்ஏ512 சரிபார்ப்புக் கோப்பைச் சேர்த்தே கொடுங்கள். வாங்குபவர் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். டிவிஐ கோப்புகளுக்கும் இது பொருந்தும். ஸ்பெஷல் குறிப்பின் வழியே கணினிக் கட்டளையை ஓட்டும் வசதி டிவிஐபிஎஸில் இருந்தது. இன்றைய பதிப்புகளில் அது இயல்பாகவே தடுக்கப்பட்டுள்ளது. யாரிடமிருந்து வந்தது என்று தெரியாத கோப்பென்றால் ஆர்2 என்ற விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். அது பிற அடைவுகளில் உள்ள கோப்புகளைத் திறப்பதையும் தடுக்கும்.

பகிர்வு உரிமையைப் பற்றிக் கேட்டீர்கள். பணம் கேட்காமல் தருகிறார்கள் என்பதால் பிறருக்குக் கொடுக்கும் உரிமையும் வந்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. எச்பி ஃபர்ம்வேரும் கேனன் டிரைவரும் அதற்குச் சான்று. டெக் லைவ் இந்த வகையில் கவலையற்றது. கட்டற்ற உரிமம் உடையவற்றை மட்டுமே அதில் சேர்க்கிறார்கள். முழு வட்டுப் பிம்பத்தையும் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். க்னூத்தின் சொந்தக் கோப்புகளில் ஒரு நிபந்தனை உண்டு: மாற்றம் செய்தால் பெயரையும் மாற்ற வேண்டும். அதே பெயரில் அளவு மாறிய எழுத்துரு ஒன்று பரவினால், உலகில் எங்கோ ஒருவருடைய பழைய டிவிஐ கோப்பில் வரிகள் குலைந்துபோகும் என்பதுதான் இதற்குப் பின்னுள்ள அக்கறை. உங்களிடமிருப்பவை போன்ற கோப்புகள் இன்றும் பழுதின்றி அச்சாவதற்கு இந்த நிபந்தனையும் ஒரு காரணம்.

கோஸ்ட்ஸ்கிரிப்டின் உரிமம் பலமுறை மாறியிருக்கிறது. பீட்டர் டாய்ச் 1988இல் வெளியிட்ட இந்த நிரலின் புதிய பதிப்புகள் நெடுங்காலம் அலாடின் உரிமத்தில் வந்தன. அது வணிக விநியோகத்தைத் தடுத்தது, பழைய பதிப்புகள் மட்டும் பின்னர் ஜிபிஎல்லுக்கு மாறும். 2006இல் நடப்புப் பதிப்பே ஜிபிஎல் ஆனது. 2013 முதல் அதன் இன்னொரு வகையான ஏஜிபிஎல். ஆகவே பழைய சிடி ஒன்றில் கிடைத்த கோஸ்ட்ஸ்கிரிப்டைப் பிரதியெடுக்காமல் இன்றைய பதிப்பையே எடுங்கள். ஜிபிஎல், ஏஜிபிஎல் நிரல்களை இயங்கு வடிவில் கொடுக்கும்போது மூலநிரலும் பெறுபவருக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். பென்டிரைவில் இடம் இருக்கிறது. மூலநிரல் தொகுப்பையும் உரிமக் கோப்பையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால் கடமை முடிந்தது. விரிவுரைக் குறிப்புகளின் பதிப்புரிமை பெரும்பாலும் பேராசிரியருடையது அல்லது அவருடைய வாரிசுகளுடையது. பிடிஎஃபைப் பகிர அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அச்சிடும்போது கவனிக்க வேண்டியது தாளின் அளவு. டெக் இயல்பாகத் தாளின் மேல் விளிம்பிலிருந்தும் இடது விளிம்பிலிருந்தும் ஓர் அங்குலம் தள்ளித் தொடங்கும். பழைய கோப்புகள் பல அமெரிக்க லெட்டர் தாளை, அதாவது 8.5க்கு 11 அங்குலத்தை மனத்தில் கொண்டவை; நம் ஏ4 தாள் அதைவிட அகலம் குறைந்து நீளம் கூடியது. பிடிஎஃப் நிரல்களில் தாளுக்குப் பொருத்து என்ற தேர்வு இயல்பாகவே போடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு 100 விழுக்காடு என்று வையுங்கள். டெக்கின்மேல் கட்டப்பட்ட லேடெக்கோடு டெஸ்ட்பேஜ் என்ற ஒரு சோதனைக் கோப்பு கிடைக்கிறது. பக்கத்தின் நான்கு விளிம்பிலும் அளவுகோல் வரைந்த தாளாக அது அச்சாகும். அதை முதலில் அச்சிட்டு, அதில் அங்குலம் என்று காட்டும் நீளத்தை மேசைமேல் உள்ள அளவுகோலால் அளந்து பாருங்கள். பொருந்தவில்லையென்றால் கோப்பில் பிழையில்லை. அச்சிடும் அமைப்பில் எங்கோ அளவு சுருக்கப்படுகிறது.

தேடும் வழியில், சீடானில் இல்லாத டிரைவரோ தமிழ் எழுத்துருவின் மூலக்கோப்போ பேராசிரியரின் நெகிழ்வட்டுகளில் அகப்பட்டால், அதைப் பென்டிரைவோடு நிறுத்திவிடாதீர்கள். எழுதியவரையோ அவர் உரிமையைப் பெற்றவரையோ கண்டுபிடித்து, எந்த உரிமத்தில் வெளியிடச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பின் மூலக்கோப்புகள், அவை எந்தக் கருவிக்காக எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று விளக்கும் ரீட்மி, அந்த உரிமக் குறிப்பு ஆகியவற்றை ஒரே தொகுப்பாகக் கட்டி, சீடான் தளத்தில் உள்ள பதிவேற்றப் பக்கத்தின் வழியே அனுப்புங்கள். அங்குள்ள தன்னார்வலர்கள் பார்த்து, குறை இருந்தால் மின்னஞ்சலில் கேட்பார்கள். ஏற்றுக்கொண்டபின் பிரதித் தளங்கள் அனைத்துக்கும் அது தானாகப் போய்ச் சேரும்.